ஆப் காட்டும் ‘+30%’ லாபம்... வருஷத்துக்கு எவ்வளவுனு பார்த்தீங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரோடு உட்கார்ந்து கணவனும் மனைவியும் போனில் முதலீட்டு ஆப்பைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருடத்தில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்பு, ஊரில் இடம் விற்று வந்த 6 லட்சம் ரூபாயை ஒரே தடவையாக ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போட்டார் கணவர். அதே சமயத்தில் மனைவி மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி ஆரம்பித்தார். அவர் கட்டியதும் மொத்தம் 6 லட்சம். இரண்டின் மதிப்பும் இன்று 7.8 லட்சம். இரண்டுக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘+30%’.

“ஏங்க, அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே லாபம்தானே?”

“ஆமா, அதான் போட்டிருக்கே!”

இல்லை. கணவரின் 6 லட்சம் முழுசாக ஐந்து வருடம் உழைத்திருக்கிறது. வருடக் கணக்கில் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது சுமார் 5.4% மட்டுமே. மனைவியின் முதல் 10,000 ரூபாய்தான் ஐந்து வருடம் இருந்தது. கடைசித் தவணை போய் ஒரு மாதம்தான் ஆகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் பணம் இரண்டரை வருடம்தான் முதலீட்டில் இருந்திருக்கிறது. அதனால் அவருடைய வருடாந்தர லாபம் சுமார் 10.4%. அதாவது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பணம் போன தேதி, வந்த தேதி எல்லாவற்றையும் வைத்துப் போடும் இந்தக் கணக்குக்கு ‘எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்’ என்று பெயர். பல ஆப்களில் இது இருக்கிறது. ஆனால், முதல் திரையில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் அந்தப் பச்சை எண்தான். ஆப்பே வேண்டாம் என்பவர்கள் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ பார்க்கலாம். ஒரு வரிசையில் தேதிகள், பக்கத்து வரிசையில் கட்டிய தொகைகள் மைனஸ் குறியோடு, கடைசியில் இன்றைய தேதியில் இன்றைய மதிப்பு பிளஸ்ஸில். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் ஃபார்முலாவைப் போட்டால் விடை வந்துவிடும்.

தேதிகளுக்கு எங்கே போவது? காம்ஸ் அல்லது கேஃபின்டெக் இணையதளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், எல்லா ஃபண்ட் நிறுவனங்களின் கணக்கும் சேர்ந்த ஒரே ஸ்டேட்மென்ட் இலவசமாக வரும். பல ஆப்கள் அந்த பி.டி.எஃப்-ஐ வாங்கித்தான் கணக்கை நிரப்புகின்றன. கேட்கும்போது சுருக்கமான ஸ்டேட்மென்ட் வேண்டாம். ஒவ்வொரு பரிவர்த்தனையும் உள்ள விரிவான ஸ்டேட்மென்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வேறு மின்னஞ்சலில் எப்போதோ தொடங்கிய பழைய முதலீடு இதில் வராமல் போகலாம், கவனம்.

கட்டணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கரன்ட் பில்லைப் போல இதற்குத் தனியாக ரசீது வராது. ஃபண்டை நடத்தும் செலவு தினம் தினம் என்.ஏ.வி-யிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. ஆப் காட்டும் லாபம் அந்தச் செலவு போக மீதிதான். அதனால் ஆப் பொய் சொல்லவில்லை. எவ்வளவு போனது என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஃபண்டின் பெயரில் ‘ரெகுலர்’ என்று இருந்தால், விநியோகஸ்தருக்கான கமிஷனும் அந்தச் செலவில் அடக்கம். 2013 ஜனவரியில் அறிமுகமான ‘டைரக்ட்’ பிளானில் கமிஷன் கிடையாது. பல ஈக்விட்டி ஃபண்டுகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை சதவிகிதத்திலிருந்து ஒரு சதவிகிதம் வரை. அற்பமாகத் தெரிகிறதா? மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 வருடம் போட்டால், கையிலிருந்து போவது 24 லட்சம். வருடம் 12% வளர்ந்தால் சுமார் 99.9 லட்சம், 11% வளர்ந்தால் சுமார் 87.4 லட்சம். (12% கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, இது கணக்குக்காக.) அந்த ஒரு சதவிகிதத்தின் விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்!

இன்னொரு விஷயம், பலர் திறந்தே பார்க்காதது. மார்ச், செப்டம்பர் முடிந்ததும் வரும் அரையாண்டு ஸ்டேட்மென்ட்டில், உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே இருக்கும். 2016 அக்டோபரிலிருந்து செபி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அதற்காக ரெகுலரில் போட்டவர்கள் எல்லாம் ஏமாந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 25,981-ல் முடிந்தது. அன்று பதறியவரிடம் “விற்காதீங்க” என்று போனில் சொல்லித் தடுத்த ஏஜென்ட், வாங்கிய கமிஷனுக்கு வேலை பார்த்தவர்தான். அந்த போன்கூட வரவில்லை என்றால்தான் கேள்வி.

ரிஸ்க் மீட்டரையும் பாருங்க!

ரிஸ்க்கை ஆறு நிலைகளாகக் காட்டும் ரிஸ்கோமீட்டர் ஒவ்வொரு ஃபண்டுக்கும் உண்டு. ஆனால், அது அந்த ஃபண்டுக்கு மட்டும். உங்கள் மொத்த முதலீட்டுக்கு அல்ல. நான்கு லார்ஜ்கேப் ஃபண்ட் வைத்திருப்பதால் பணத்தைப் பிரித்துப் போட்டுவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. லார்ஜ்கேப் ஃபண்ட் என்றாலே குறைந்தது 80% பணத்தை முதல் 100 நிறுவனங்களில் போட வேண்டும் என்பது விதி. நான்கிலும் பெரும்பாலும் அதே பங்குகள்தான் இருக்கும். ஆப்பில் ‘ஓவர்லேப்’ என்ற பகுதி இருந்தால் திறந்து பாருங்கள்.

ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ‘ஸ்டாண்டர்டு டீவியேஷன்’ பெரும்பாலும் கடந்த மூன்று வருடத்தை வைத்துப் போடப்படுகிறது. இப்போது பார்த்தால் அந்தக் கணக்கில் 2020 மார்ச்சே இருக்காது. ஆப்புக்குத் தெரியாத இன்னொன்று, மகளுக்கு இரண்டு வருடத்தில் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது. அந்தத் தம்பதியின் 15.6 லட்சமும் ‘மிக அதிக ரிஸ்க்’ ஃபண்டுகளில் இருந்தால், லாபக் கணக்கைவிட முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஃபீஸுக்குத் தேவையான தொகையை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட் போன்ற பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தலாம்.

டைரக்டுக்கு மாற நினைப்பவர்களும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டாம். அப்படி மாற்றுவதும் விற்பனையாகவே கருதப்படும். ஒரு வருடத்துக்குள் என்றால் பல ஃபண்டுகளில் 1% எக்ஸிட் லோடு உண்டு. ஈக்விட்டி ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5% வரி, அதற்குள் விற்றால் 20%. புது எஸ்.ஐ.பி-யை டைரக்டில் ஆரம்பித்துவிட்டு, பழையதை இந்த வரம்புக்குள் வருடா வருடம் கொஞ்சமாக மாற்றலாம்.

ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போது மெயிலையும் எஸ்.எம்.எஸ்ஸையும் படிக்க அது அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள். பி.டி.எஃப்-ஐ நீங்களே ஏற்றும் வசதி இருந்தால் அந்த அனுமதி தேவையில்லை. மெயிலுக்கு ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால், போனிலிருந்து ஆப்பை அழிப்பதால் மட்டும் அது ரத்தாகாது. உங்கள் மெயில் கணக்கின் செட்டிங்ஸுக்குள் போய்த்தான் நீக்க வேண்டும்.