கண் முன்னே இருந்தும் கண்ணில் படாதது

அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதால் புதுப் பெட்டி வாங்கி வந்தேன். பழைய பெட்டியையும் புதியதையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே நீலப் பட்டை. "சரியாத்தான் இருக்கும்மா" என்றேன். பழையதில் 5 மில்லிகிராம், புதியதில் 10. கண்டுபிடித்தவர் அம்மாதான், அதுவும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்த பிறகு: "என்னடா இது, பெருசா இருக்கு?"

நல்லவேளை, விழுங்கவில்லை. மருந்தகத்தில் மாற்றித் தந்தார்கள். ஆனாலும் இரண்டு எண்களும் என் கண் முன்னேதானே இருந்தன?

1984-இல் ஜான் டங்கன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். படத்தில் ஒரு பெட்டி, அதன் குறுக்கே ஒரு கோடு. பெட்டி உயரமா குட்டையா, அதன் இடைவெளி இடப்பக்கமா வலப்பக்கமா? கோடு எப்பக்கம் சாய்கிறது, புள்ளிகளால் ஆனதா சிறு கீற்றுகளால் ஆனதா? படம் கண்ணிமைக்கும் நேரமே தெரியும். பெட்டியைப் பற்றியே இரண்டு கேள்வி கேட்டபோது பங்கேற்றவர்கள் தடுமாறவில்லை. பெட்டியைப் பற்றி ஒன்று, கோட்டைப் பற்றி ஒன்று என்றபோது பிழை கூடியது. இத்தனைக்கும் கோடு பெட்டியின் மேலேயே கிடந்தது! ஆகவே தூரம் காரணமில்லை. கவனம் பொருள் பொருளாகத்தான் பிடிக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவினால் ஏதாவது சிந்திவிடுகிறது.

1994-இல் எக்லி, டிரைவர், ராஃபால் ஆகிய மூவர் இரண்டு நீள்சதுரங்களைக் காட்டினார்கள். ஒன்றின் ஒரு முனை மினுக்கும். அதன் பிறகு அதே நீள்சதுரத்தின் மறுமுனையில் வரும் குறியை, அதே தூரத்தில் பக்கத்து நீள்சதுரத்தில் வரும் குறியைவிட விரைவாகக் கண்டுகொண்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் நொடியின் சிறு பகுதிதான். எனக்கோ காலை முழுவதும் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, ஆனால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் பார்த்ததும் ஒரு வீச்சுதான். நீலப் பட்டை 'ஒன்றுதான்' என்று சொன்னதும் எண்ணைத் தேடவே இல்லை.

இப்போது, மருத்துவர் எழுதித் தந்த அளவை ஒரு சிறு தாளில் எழுதி, புதுப் பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறேன். ஒப்பிட வேண்டிய இரண்டும் ஒரே பெட்டியில் வந்துவிடுகின்றன. இது ஆய்வாளர்கள் சொன்ன வழியல்ல, நானாகப் போட்ட கணக்கு. அம்மா அதையும் நம்புவதில்லை; மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஒரு முறை பார்த்த பிறகுதான் தண்ணீர் கேட்கிறார்.