எட்டு மாணவியரும் ஒரு மோட்டார் வண்டியும்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால், புதுச்சேரி முல்லா வீதியிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் உள்ள முஸ்லிம் இல்லங்களில் தனியொரு மகிழ்ச்சி குடிபுகும். மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறிவிட்டாள் என்னும் செய்தியோடு அண்டை வீடுகளுக்கு இனிப்புத் தட்டுகள் செல்லும். பாராட்டு மொழிகள் குவியும். ஆனால் அத்தட்டுகள் திரும்பி வருமுன்னரே சில இல்லங்களில் வேறொரு பேச்சும் எழுந்துவிடுகிறது. படித்தது போதாதா? கல்லூரிக்கு யார் கொண்டுபோய் விடுவது, யார் அழைத்து வருவது?

இவ்வூருக்குப் பெண் கல்வி புதியதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1827-ஆம் ஆண்டிலேயே குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் இங்கு வந்து பெண்மக்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். நம் மார்க்கத்துக்கும் அது புதியதன்று. ஆடவரே எந்நேரமும் தங்களைச் சூழ்ந்திருக்கின்றனர், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று பெண்மணிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டனர். பெருமானார் அவ்வண்ணமே ஒரு நாளைக் குறித்து அவர்களுக்குப் போதித்தார்கள் என்பது ஸஹீஹ் புகாரியில் காணப்படும் செய்தி. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணியே ஆவார்.

ஆகவே தடை மார்க்கத்தில் இல்லை. பெரும்பாலும் அது வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடையேயுள்ள தெருவில்தான் இருக்கிறது. இதனை அனுபவத்தால் அறிந்தவர் வங்கத்துப் பேகம் ரொக்கையா சகாவத் உசேன் அம்மையார்.

1880-இல் ரங்பூரை அடுத்த பைராபந்தில் பிறந்த அவருக்கு, வங்காளமும் ஆங்கிலமும் கற்கத் தந்தையார் இசைவளிக்கவில்லை. வீடு உறங்கிய பின் விளக்கொளியில் ஆங்கிலம் கற்பித்தவர் அண்ணன் இப்ராஹீம். பிற்காலத்தில் அவ்வம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையில்தான் என்பதை எத்தனை பேர் அறிவர்! கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய பெண்கள் திங்களிதழில் 1905-இல் அது வெளிவந்தது.

கணவர் சகாவத் உசேன் 1909-இல் காலமானார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கிச் சென்ற பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அவ்வாண்டிலேயே பாகல்பூரில் ஐந்து சிறுமியரோடு பள்ளி தொடங்கப்பெற்றது. குடும்பச் சொத்துத் தகராறு அங்கே நிலைக்க விடவில்லை. கல்கத்தாவுக்குப் பெயர்ந்து, 1911 மார்ச் 16-ஆம் நாள் வலியுல்லா சந்தில் ஒரு வீட்டில் மீண்டும் தொடங்கினார். இம்முறை எட்டு மாணவியர். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடிச் சேர்த்த பிள்ளைகள் அவர்கள்.

பள்ளிக்கென ஒரு மோட்டார் பேருந்து வாங்கப்பட்டது. கோஷா கெடாதிருக்கும் பொருட்டு நாற்புறமும் அடைக்கப்பட்ட வண்டி. காற்று புகச் சிறு சல்லடைத் துளைகளே இருந்தன. புழுக்கத்திலும் இருளிலும் குழந்தைகள் வாந்தியெடுத்தனர், மயங்கி விழுந்தனர். பெற்றோர் முறையிடவே, பலகையை நீக்கித் திரை கட்டினார். உடனே வந்தன கண்டனக் கடிதங்கள்: காற்றில் திரை விலகுகிறதாம், பத்திரிகையில் எழுதிவிடுவார்களாம்! அடைத்தாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். வண்டியை மட்டும் அவ்வம்மையார் நிறுத்தவில்லை. 1932 டிசம்பர் 9-இல் அவர் மறைவதற்குள் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்துவிட்டது. அரசுப் பள்ளியாகக் கல்கத்தாவில் அது இன்றும் நடைபெறுகிறது.

ஒரு தந்தையின் துணிவு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்குப் பத்தனம்திட்டையைப் பார்க்கலாம். மீரா சாகிபு தம் மகளை வேதியியல் பட்டத்தோடு நிறுத்தாமல் சட்டம் பயிலச் செய்தார். 1950-இல் வழக்கறிஞர் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்ற அம்மகள் பாத்திமா பீவி, 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கினார்.

புதுச்சேரிப் பெண்களுக்கு இன்று வாய்ப்பில் குறைவில்லை. நகருக்குள்ளேயே பாரதிதாசன் அரசினர் மகளிர் கல்லூரி இருக்கிறது. 1985-இல் தோன்றிய பல்கலைக்கழகம் காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து செல்லும் தொலைவில் உள்ளது. ஒரு தெருவிலிருந்து நான்கைந்து மாணவியர் சேர்ந்து சென்றால், தனியே அனுப்பத் தயங்கும் தாய்மாரின் அச்சம் பாதி தீர்ந்துவிடும். வண்டிச் சத்தம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அதனை ஜமாஅத் ஏற்றுக்கொண்டால், பெருஞ்செலவொன்றும் ஆகிவிடாது. தேறிய பெண்மக்களைப் பாராட்டக் கூட்டம் நடத்தும் மஹல்லாக்கள், மேடையில் பரிசுக் கோப்பை வழங்குவதோடு, சென்ற ஆண்டு கோப்பை பெற்ற பெண்கள் இப்போது எங்கே பயில்கின்றனர் என்பதையும் சேர்த்து வாசிக்கலாம்.