கேளா ஒலி – 9: அடங்கத் தெரியாத தப்புகள்

தேயிலைத் தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, தப்படித்து ஆட்களைக் கூப்பிட்ட காலம் ஹட்டன் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். தப்பைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றிய பிறகுதான் அடிப்பார்கள். ஒரே பதத்தில் காய்ச்சிய இரண்டு தப்புகளை அருகருகே வைத்து ஒன்றை அடித்தால், யாரும் தொடாத மற்றதன் தோலும் அதிரும். இந்த வாரம் அந்த இரண்டாவது தப்பின் கதை.

போன வாரம் பார்த்த ஸ்கேன் கருவிகளில் ஒலியை எழுப்புவது, மின்சாரம் பட்டால் சுருங்கி விரியும் பீங்கான். 1990களின் நடுவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் புட்ருஸ் கூரி-யாகூப் குழுவினர் வேறு வழியில் போனார்கள். கணினிச் சில்லு செய்யும் முறையிலேயே சிலிக்கன் தகட்டின் மேல் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிப்பில், தப்பைப் போன்ற தோல்களை அமைத்தார்கள். மின்னழுத்தம் ஏறினால் தோல் உள்ளே இழுபடும், இறங்கினால் எழும்பும். நொடிக்குப் பல இலட்சம் தடவை.

இப்படி ஏறத்தாழ 9,000 தோல்களை அடுக்கிய 'பட்டர்ஃபிளை ஐக்யூ' என்ற கையடக்கக் கருவிக்கு 2017 ஒக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது விலை 2,000 டொலருக்குள். திரையாக ஒரு கைப்பேசி போதும். அதே ஆண்டு மே மாதம்தான் டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய வைத்தியசாலையைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். ஸ்கேனுக்காகக் கர்ப்பிணி அப்படியொரு வைத்தியசாலைக்கு மலையிறங்குவதா, ஸ்கேன் லயத்துக்கு ஏறி வருவதா என்று கேட்க வைக்கும் கருவி இது.

ஆனால் ஸ்கேனில் அடிப்பது பாதி வேலைதான். அடித்ததும் அடங்கி, உடலுக்குள்ளிருந்து திரும்பும் எதிரொலிக்குக் காது கொடுக்க வேண்டும். இந்தத் தோல்கள் இலேசில் அடங்குவதில்லை. ஒன்றின் அதிர்வு, மேலே பூசிய ஜெல்லும் தகடும் சேரும் பரப்பை ஒட்டியே பக்கத்துத் தோலுக்கு ஓடி, அந்த இரண்டாவது தப்பைப் போல அதையும் அதிர வைக்கும். வரிசையின் விளிம்பில் மோதித் திரும்பியும் வரும். எதிரொலி வரும் நேரத்தில் இந்த முணுமுணுப்பும் கலந்தால், உடலின் மேற்பரப்புக்கு அருகில் உள்ள உறுப்புகள் மங்கிப்போகும். சில கோணங்களில் கருவிக்குக் காதே கேட்காது.

இன்னொரு தொல்லை அடியிலிருந்து வருகிறது. சிலிக்கனில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 8,400 மீட்டர் ஓடும். தகடு அரை மில்லிமீட்டர் தடிப்பென்றால், மேலும் கீழும் மோதி அது 8.4 மெகாஹேர்ட்ஸில் தானாக ஒலிக்கும். ஸ்கேனுக்கு வேண்டிய அலைவரிசைக்குள்ளேயே விழுகிறது! இதற்கான வைத்தியம் எனக்குப் பிடித்தது: தகட்டைப் பின்பக்கம் தேய்த்து 0.1 மில்லிமீட்டராக்கினால், தொல்லை 42 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். நமக்கு அங்கே வேலையில்லை. தேய்க்க முடியாத இடத்தில், டங்ஸ்டன் தூள் கலந்த பிசினைப் பின்னால் ஒட்டி ஒலியை அதற்குள் சாகவிடுவார்கள்.

பரப்பை ஒட்டி ஓடும் அலைக்கு அவ்வளவு சுளுவான மருந்தில்லை. தோல்களின் அளவைக் கொஞ்சம் மாற்றி மாற்றி அமைத்தால் அவை ஒன்றாகச் சேர்ந்து ஆடுவது குறையும். ஒலியின் வலுவும் சேர்ந்தே குறையும். அதிர்வை விழுங்கும் ரப்பர் போன்ற பூச்சு பூசலாம். அது வேண்டிய ஒலியிலும் ஒரு பங்கை விழுங்கிவிடும். மிச்சத்தைக் கணினியால் கழித்துவிடலாம் என்பவர்களும் உண்டு. அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.