ஆக்கிரி மூட்டையில் போகும் வெள்ளி

நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, அப்புறம் களியக்காவிளை. இந்த நெடுஞ்சாலையிலும், செங்கல், தனுவச்சபுரம், பூவார் பக்கம் பிரிந்து போகும் ஊர்வழிகளிலும் பழைய சாமான் வாங்கும் ஆக்கிரி வண்டி வராத நாள் குறைவு. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது அந்த வண்டிக்கு வேலை. பாட்டி காலமாகிப் பதினாறு முடிந்ததும் வேலை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை, மச்சு அறையைத் திறந்து பார்த்துவிட்டு 'இதெல்லாம் இனி எதுக்கு' என்று கேட்டாலும் வேலை. சாக்கில் உருளி, கிண்டி, விளக்கு எல்லாம் சேர்ந்து ஏறும். ஒரே தராசு, ஒரே விலை.

அந்தச் சாக்குக்குள் வெள்ளியும் போகிறது. பித்தளை கிலோ சில நூறு ரூபாய். வெள்ளி கிலோ லட்சக்கணக்கில். 2025 தொடங்கும்போது கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. போலி வெள்ளியை வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தக் கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் நான் அதிகம் கேள்விப்பட்டது அதற்கு நேர்மாறான கதை: நல்ல வெள்ளியைப் பித்தளை என்றும் ஈயம் என்றும் நினைத்து வாரிக் கொடுத்த கதை.

காரணம் எளிது. வெள்ளி வெள்ளையாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். கவனிக்காமல் விட்ட வெள்ளி கருப்பாகத்தான் இருக்கும். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டுப்பட்டு மேலே படலம் கட்டும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கரி. ஈரக்காற்றும் அடுப்புப் புகையும் சேர்ந்த வீட்டில் இருபது முப்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்த, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் பார்த்தால் அடுப்படியில் தூக்கி எறிந்த தகரத் துண்டு மாதிரிதான் தெரியும்.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ஆக்கிரிக் கடையில் பித்தளைக் குவியலுக்கு நடுவே கிடந்த சந்தனப் பேலா, அதாவது சின்னக் கிண்ணம், ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு. முழுக்கக் கருப்பு. ஆனால் விளிம்பில், பெருவிரல் பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. முலாம் பூசிய பொருளாக இருந்தால் அதிகம் தேய்கிற அந்த இடத்தில்தான் செம்பின் சிவப்போ பித்தளையின் மஞ்சளோ முதலில் எட்டிப் பார்க்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. அடியில் பச்சைக் களிம்பும் இல்லை. விரலால் நன்றாகத் தேய்த்து மோந்து பார்த்தேன். பித்தளையைத் தேய்த்தால் கையில் ஒட்டும் அந்தக் காசு வாடை வரவில்லை. "பித்தளைக்க கூட வந்ததாக்கும், சார். எடுக்கதுன்னா எடுங்க" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கொடுத்த வீட்டுக்கே தெரியவில்லை.

தேய்ந்த விளிம்பு, கைப்பிடி, அடிப்பாகம். பழம்பொருளில் முதலில் பார்க்க வேண்டியவை இவை மூன்றும்தான். முத்திரையைத் தேடுவது அதற்கு அப்புறம். இந்தியாவில் வெள்ளிக்கு ஹால்மார்க் 2005-ல்தான் வந்தது, இன்றைக்கும் தங்கத்தைப் போலக் கட்டாயம் இல்லை. ஆறு இலக்க அடையாள எண் வெள்ளியில் விழத் தொடங்கியது 2025 செப்டம்பரில். பாட்டியின் அரைஞாணில் அதைத் தேடினால் கிடைக்காது. முத்திரை இல்லை என்பதால் வெள்ளி இல்லை என்று ஆகிவிடாது. மாறாக, சில முத்திரைகள் வெள்ளி இல்லை என்பதற்கே சாட்சி. சீமையிலிருந்து வந்த கரண்டி, தேநீர்த் தட்டுகளில் ஈபிஎன்எஸ் என்று பொறித்திருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் மின்சாரத்தில் பூசிய மெல்லிய வெள்ளித் தோல். 'ஜெர்மன் சில்வர்' என்று கடைகளில் விற்கும் தாம்பாளத்தில் பெயரில் மட்டும்தான் வெள்ளி உண்டு; உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். 925, 900, 800 போன்ற எண்கள் இருந்தால் ஆயிரத்தில் இத்தனை பங்கு வெள்ளி என்று கணக்கு.

காந்தம் பற்றி ஒரு வரி போதும். ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை, செம்பும் பித்தளையும் கூட ஒட்டாது. கொலுசின் கொக்கிக்குள் எஃகு வில் இருந்து, அது மட்டும் ஒட்டலாம்; அதற்காகக் கொலுசைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை தண்ணீர்ச் சோதனைதான். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். பொருளை முதலில் அப்படியே நிறுத்துக்கொள்ள வேண்டும், 210 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு 20 அல்லது 20.5 காட்டினால், முதல் எடையை இதால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழப் பத்தேகாலிலிருந்து பத்தரைக்குள் வரும். சுத்த வெள்ளிக்கு 10.5, 925-க்கு அதைவிடச் சற்றுக் குறைவு. தராசு 24-க்கு மேல் காட்டினால் விடை எட்டரைப் பக்கம் வரும். அது ஜெர்மன் சில்வரோ பித்தளையோ. ஆசாரிமார் செய்யும் அமிலச் சோதனையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். உரைகல்லில் தேய்த்த கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, அதில் உப்புத் தண்ணீரைத் தொட்டால் வெள்ளி இருந்தால் தயிர் திரிந்தது போல வெள்ளையாகத் திரளும். பார்க்க அழகுதான், ஆனால் அமிலமும் அதன் புகையும் விளையாட்டில்லை.

ஆனால் இந்தத் தண்ணீர்ச் சோதனையில் தோற்றுப்போகிற நல்ல பொருள் ஒன்று இந்த ஊர்களில் நிறைய இருக்கிறது. என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

களியக்காவிளையிலிருந்து கிழக்கே மார்த்தாண்டம், தக்கலை வழியாகப் போனால் நாகர்கோவில் வடசேரி. கோயில் நகைக்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடும் பெற்றது. சாமிக்குச் சாத்தும் நகை, பரதநாட்டியக்காரர்கள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜிமிக்கி எல்லாம் அங்கே செய்கிறார்கள். பழைய முறைப்படி செய்த வடசேரி நகையில் உடம்பு வெள்ளி. உள்ளே அரக்கு. அதன் மேல் சிவப்புக் கெம்புக் கல்லைப் பதித்து, சுற்றிலும் தங்கத் தகட்டை ஒட்டி அழுத்தி மூடுவார்கள். மேலே பார்த்தால் பொன், உள்ளே வெள்ளி. இப்போது செம்பில் செய்து முலாம் பூசிய மலிவுச் சரக்கும் அதே வடிவத்தில் வருகிறது. அதனால் பழைய பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால் 'டான்ஸ் செட், கவரிங்' என்று கழித்துவிடுகிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார்த்தாலும், அரக்கு இலேசானது என்பதால் கணக்கு ஏழு, ஆறு என்று கீழே வரும். உடனே போலி என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கொக்கி நுழையும் வளையம், நூல் கோக்கும் துளை, சட்டையில் உரசிய ஓரம் ஆகிய இடங்களில் தேய்மானம் சிவப்பாக இருந்தால் செம்பு. வெளுப்பாகவோ கருத்த சாம்பல் நிறமாகவோ இருந்தால் வெள்ளி. நகைக்கடைகளில் இருக்கும் 'டச்' மிஷின் கூட இங்கே தடுமாறும். அது பொருளின் மேல்தோலை மட்டும் படிக்கிற கருவி. தங்கத் தகட்டின் மேல் வைத்தால் தங்கத்தைச் சொல்லும், முலாமின் மேல் வைத்தால் முலாமைச் சொல்லும். பின்பக்கத்தில், தேய்ந்த இடத்தில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வாங்குகிறவர் அது வெள்ளி என்று கண்டுபிடித்துவிட்டால் நகைக்கு நல்ல காலம் பிறக்கும் என்று நினைக்காதீர்கள். அரக்கைச் சூடாக்கி இளக்குவார்கள், கல்லைப் பிடுங்கிப் போடுவார்கள், தகட்டைத் தனியே சுரண்டுவார்கள், மீதி மூசையில் இறங்கும். வெள்ளி உருக 962 டிகிரி வெப்பம் போதும். மாதக்கணக்கில் குனிந்திருந்து ஒருவர் செய்த வேலை சில நிமிஷத்தில் கட்டியாகிவிடும். விலை குறைவாக இருந்த காலத்தில் சின்ன உருப்படிகளை உருக்கும் கூலி கட்டாது என்று விட்டுவைத்தார்கள். இன்றைய விலையில் ஒரு குங்குமச் சிமிழ், குழந்தையின் ஒற்றைத் தண்டை கூடத் தப்பாது. விலையேற்றம் நல்ல செய்தி என்று சொல்பவர்களுக்கு இது தெரியுமா?

'கஷ்டத்துக்கு விற்கிறவங்க கலையைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் கஷ்டத்துக்கு விற்பவர்களை விட இடம் காலி பண்ண விற்பவர்களே அதிகம். பணம்தான் தேவை என்றால் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் வெள்ளி நகையை அடகு வைத்துக் கடன் வாங்க ஒழுங்கான விதிமுறை உண்டு. ஒருவருக்குப் பத்துக் கிலோ வரை. கட்டி வெள்ளிக்கு அந்தக் கடன் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உருக்கிவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.

இந்த மண்ணில் ஒரு கிழவியின் பெட்டியில் இருக்கும் வெள்ளிக்கு வேறு எங்கும் இல்லாத கனம் உண்டு. பழைய திருவிதாங்கூரில் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. கல்லும் பாசியும் கோத்த மாலைதான் அவர்களுக்கு. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்த சமூகப் போராளி அய்யன்காளியின் தலைமையில், 1915-ல் கொல்லத்தில் பெண்கள் அந்தக் கல்லுமாலைகளை அறுத்தெறிந்தார்கள். அதற்குப் பிறகு வந்த தலைமுறையில் ஒரு பெண் முதன்முதலாகக் காசு சேர்த்து வாங்கிய வெள்ளிக் காப்பு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கனமோ நுணுக்கமோ இல்லாமல் இருக்கலாம். அதைத்தான் பேத்தி 'இது ஏதோ பழைய அலுமினியம்' என்று சாக்கில் போடுகிறாள். அவளிடம் யாரும் சொல்லித் தரவில்லை.

காசுகளின் கதையும் இதேதான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் அவ்வளவு சின்னது, கையால் எண்ண முடியாது. சின்னச் சின்னக் குழிகள் போட்ட மரப்பலகையில் கொட்டிக் குலுக்கி, குழிக்கு ஒன்றாக நிற்பதை எண்ணுவார்கள். அந்தப் பலகையே இப்போது சில வீடுகளில் என்னவென்று தெரியாமல் விறகோடு கிடக்கிறது. வெள்ளிப் பணம், கால் ரூபாய், அரை ரூபாய்க் காசுகளில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். 1116 என்று பார்த்ததும் இது டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 825-ஐக் கூட்டினால் 1941.

வளையம் பற்றவைத்துக் காசுமாலையில் கோத்த பிரிட்டிஷ் ரூபாய்களைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். ஆண்டு 1939 அல்லது அதற்கு முந்தையது என்றால் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. புலி படம் போட்ட 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அபூர்வ ஆண்டுகளுக்குச் சேகரிப்பவர்கள் தரும் விலை வெள்ளி விலையைவிட அதிகம். விபூதியோ பல்பசையோ போட்டுப் பளபளக்கத் தேய்த்துவிட்டால் அந்த விலை பாதியாகக் கூடக் குறையும். கருப்பு அப்படியே இருக்கட்டும்.

விற்பதென்றே முடிவு செய்தவர்களுக்கு: முதலில் ஒவ்வொரு உருப்படியையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள், யாருடையது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாறசாலையில் ஒரு கடை, மார்த்தாண்டத்தில் ஒரு கடை என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் கேளுங்கள். டச் (தூய்மை) எவ்வளவு, பத்தவைப்புக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். கெம்புக்கல் பதித்த உருப்படி இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வடசேரிக்குப் பஸ் ஏறுங்கள். அங்கே அதைத் திருப்பிப் பார்த்ததும் எந்தக் காலத்து வேலை என்று சொல்லக்கூடிய கைகள் இன்னும் இருக்கின்றன. அறுந்த வளையத்தைப் பற்றவைத்து, விழுந்த கல்லைப் பதித்துக் கொடுக்கவும் அவர்களுக்குத் தெரியும்.