குசினிக்குள்ளே ஒரு பொருளியல் பாடம்

மஃரிப் தொழுதுவிட்டுத் தேநீருடன் உட்காருகிறீர்கள். அடுத்த அறையில் உயர்தரம் படிக்கும் மகள் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஒப்புவிக்கிறாள்: "அமையச் செலவு என்பது கைவிடப்பட்ட அடுத்த சிறந்த தெரிவு..." பத்துத் தடவை சொல்லிவிட்டாள். "விளங்குகிறதா?" என்றால் பதில் இல்லை. உங்களுக்கோ, "நான் படித்த படிப்புக்கு இதில் என்ன உதவ முடியும்?" என்ற தயக்கம்.

சகோதரியே, அந்தத் தயக்கம் வேண்டாம். அவள் புத்தகத்தில் படிப்பதை நீங்கள் பல வருடங்களாகக் குசினியில் செய்து வருகிறீர்கள். உங்களுக்குத் தெரியாதது அதன் பெயர் மட்டுமே. இந்த அறிவு நமக்கு அந்நியமானதுமல்ல. நகரம் பெருகும்போது தானியம் ஏன் மலிகிறது, ஆடம்பரப் பொருள் ஏன் விலை ஏறுகிறது என்று இப்னு கல்தூன் 1377இல் முடித்த தமது 'முகத்திமா'விலேயே ஆராய்ந்திருக்கிறார்.

நாலந்தாவின் கல் சொல்லும் பாடம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில் நாலந்தாவைக் கடந்திருப்பீர்கள். அங்குள்ள பழைமையான கற்கட்டடமான கெடிகே, இன்று நிற்கும் இடத்தில் கட்டப்பட்டதல்ல. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அதன் பழைய இடம் நீருக்குள் போகவிருந்தது. ஆகவே 1970களில் அதைக் கல் கல்லாகக் கழற்றி, 1980இல் நீர்த்தேக்கக் கரையில் மீண்டும் பொருத்தினார்கள்.

ஒரே நிலத்தில் நீரையும் வைத்துக் கட்டடத்தையும் வைத்திருக்க முடியாது. இதுதான் 'அருமை': தேவைகள் பல, வளங்களோ மட்டானவை. ஒன்றைத் தெரிந்தால் இன்னொன்றை விடவேண்டும். அப்படி விட்டவற்றுள் மிகச் சிறந்த ஒன்றுதான் 'அமையச் செலவு'. கையில் மிஞ்சிய பணத்தில் கூரைத் தகடு மாற்றலாம், தையல் மெஷின் வாங்கலாம், சீட்டுக் கட்டலாம். நீங்கள் தகடு மாற்றினால், மற்ற இரண்டில் எதை அதிகம் விரும்பினீர்களோ அது மட்டுமே அமையச் செலவு. இரண்டையும் கூட்டி எழுதினால் புள்ளி போய்விடும்.

இலவசம் எல்லாம் இலவசமல்ல

நம் நாட்டில் 1980 முதல் பாடசாலைப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை 'இலவசப் பொருளா' என்று மகளிடம் கேளுங்கள். "ஆம்" என்றால் பிழை. அதற்குக் கடதாசி, மை, அச்சகம், உழைப்பு எல்லாம் செலவாகின்றன. நாம் காசு கொடுக்காவிட்டாலும் அரசாங்கம் கொடுக்கிறது. ஆகவே அது 'பொருளாதாரப் பொருள்'. சூரிய ஒளியே இலவசப் பொருள்.

கேஸும் விறகும்

2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபாவாக இருந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவானது. நம்மில் எத்தனை பேர் விறகடுப்புக்குத் திரும்பினோம்! அந்தப் புகையிலும் ஒரு பரீட்சை வினா இருக்கிறது.

பொருளியலில் 'கேள்வி' என்றால் வெறும் ஆசையல்ல. வாங்கும் சக்தியோடு கூடிய விருப்பம். கேஸின் விலை ஏறியதால் கேஸை குறைவாக வாங்கினோம். இங்கு மாறியது 'கேள்வித் தொகை'. அதே கேள்வி வளையியின் மேலேயே இடதுபுறமாக நகர்கிறோம். விறகுக்கோ, அதன் சொந்த விலை மாறாமலே தேவை கூடியது. காரணம் அதன் பிரதியீட்டுப் பொருளான கேஸின் விலை. இங்கு மாறியது 'கேள்வி'. வளையி முழுவதுமே வலப்புறம் இடம்பெயர்கிறது. சொந்த விலை மாறினால் வளையி வழியே நகர்வு, வேறு காரணமானால் வளையியே நகர்வு. பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

பணவீக்கம் குறைந்தது, விலை குறையவில்லை

மிளகு மட்டும் விலையேறினால் அது பணவீக்கமல்ல. பொதுவாக எல்லா விலை மட்டமும் தொடர்ந்து ஏறுவதே பணவீக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் அது 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். "அப்படியானால் ஏன் சாமான் மலியவில்லை?" என்று நாம் கடையில் கேட்டோமல்லவா? 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் அடுத்த வருடம் ஏறக்குறைய 170 ரூபா, அதற்கடுத்த வருடம் 172 ரூபா. ஏறும் வேகம்தான் குறைந்தது, விலை இறங்கவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது

தினமும் பத்து நிமிடம் போதும். சமைக்கும்போது மகளைப் பக்கத்தில் இருத்தி, "இன்றைய பாடத்தை எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேளுங்கள். விளங்காத இடத்தில் வெட்கப்படாமல் "ஏன்?" என்று கேளுங்கள். உம்மாவுக்குச் சொல்லி விளக்கக்கூடியவளுக்கு வினாத்தாளும் சுலபமாகும். ஆனால் பரீட்சையில் குசினிப் பேச்சு போதாது. வரைவிலக்கணத்தைப் பாடநூலின் சொற்களில் எழுதவும், வரைபடத்தின் அச்சுகளுக்குப் பெயரிடவும் பழக்குங்கள்.

கடைசியாக ஒன்று. "பெண்பிள்ளைக்கு உயர்தரம் எதற்கு? டியூஷன் காசு, பஸ் காசு, எவ்வளவு செலவு!" என்று சில வீடுகளில் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. படிப்பை நிறுத்துவதற்கும் ஓர் அமையச் செலவு உண்டு. நாளை அவள் தன் குடும்பத்தை நடத்தக்கூடிய அறிவும், தேவைப்பட்டால் சொந்தக் காலில் நிற்கக்கூடிய தொழிலும் அதில் அடங்கும். பரீட்சை மாதத்தில் அவளை ஒவ்வொரு மாலையும் வெங்காயம் உரிக்கக் கூப்பிடுவதற்கும் அதே செலவு உண்டு.

இன்றிரவு வெங்காயத்தை நீங்களே உரியுங்கள் சகோதரியே. மகள் பக்கத்தில் இருந்து பாடம் சொல்லட்டும்!