மரமறிந்த கைக்குச் சான்றிதழும் வேண்டும்

செந்தூல் பாசார் பக்கம் ஒரு காப்பிக் கடையில் சென்ற வாரம் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் சீவியவர். இவரோ குத்தகைக்காரர் ஒருவரிடம் சாலையோர மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறார்.

“அண்ணே, ஆஸ்திரேலியாவுல இந்த வேலைக்கு நல்ல சம்பளமாம். சுற்றுலா விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு ஏஜெண்டு சொல்றான். 8,000 வெள்ளி கேக்குறான். அம்மாவோட சேமநிதிப் பணம் இருக்கு. கட்டிரலாமா?” என்றார்.

“கட்டாதே தம்பி” என்றோம். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்வது அந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். முதலாளி கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினாலும், பயந்துகொண்டு வாயை மூடித்தான் இருக்க வேண்டும்.

அதற்காக வெளிநாட்டு ஆசையே தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. 2024 மே 7-இல் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் நசுங்கின. எந்த மரம் நிற்கும், எது விழும் என்று பார்த்துச் சொல்லும் கண்ணுக்கு எந்த நகரத்திலும் மதிப்புண்டு.

அந்தக் கண் நம்மவர்களுக்குப் புதிதா? உளி ஆழமாக இறங்கினால் காயம் விழும், அங்கே பட்டை சீராக வளராது என்பது மரம் சீவிய எந்தத் தாய்க்கும் தெரியும். கிளை கழிப்பதிலும் அதே பாடம்தான். தண்டோடு ஒட்ட வெட்டக்கூடாது. கிளையடியில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டு வெட்டினால்தான் காயம் மூடும்.

ஆனால் கை வித்தையைக் காகிதத்தில் காட்ட வேண்டும். 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய அனைத்துலக மரப் பராமரிப்புச் சங்கத்தின் தேர்வை, 3 ஆண்டு முழுநேர அனுபவம் உள்ளவர் எழுதலாம். ஆஸ்திரேலியாவில் இத்தொழிலுக்கென்றே மூன்றாம் நிலைச் சான்றிதழ் படிப்பு உண்டு. இங்கே செய்த வேலைக்குச் சம்பளச் சீட்டையும் முதலாளியின் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

பக்கத்துச் சிங்கப்பூரில் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. வேலை கொடுப்பதற்காக அவர் பணம் வாங்குவது குற்றம். அங்குள்ள ஏஜெண்டு, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், மொத்தம் 2 மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது. நம் நாட்டிலும் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை வாய்ப்பு ஏஜெண்டுக்கு லைசென்ஸ் வேண்டும். “எங்கே லைசென்ஸ்?” என்று கேளுங்கள். தொழிலாளர் இலாகாவிலும் விசாரியுங்கள். கேட்க வெட்கம் எதற்கு?

நம் பாட்டன்மாரும் மரத்தை நம்பித்தான் கடல் கடந்தார்கள். கங்காணியின் வாய்ப்பேச்சை நம்பிக் கப்பலேறியவர்கள் எத்தனை பேர்! 1938-இல் இந்திய அரசு அந்த ஆளெடுப்பைத் தடுத்தது. பேரப்பிள்ளைகளும் வாய்ப்பேச்சை நம்பியா விமானம் ஏறுவது?

“அப்ப பணத்தை அம்மாகிட்டயே குடுத்திடுறேண்ணே” என்றார் அந்தத் தம்பி. முதலில் பரீட்சைக்குப் படிக்கப் போகிறாராம். நல்ல முடிவு. தோட்டத்துப் பிள்ளைகளே, போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். தலை நிமிர்ந்து போங்கள்.