ஐதராபாத் ஏரிகளும் நாம் வாங்கும் வீடும்

சங்கத்துக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் வேளையில் பேச்சு பெரும்பாலும் வீட்டில்தான் வந்து நிற்கும். "எங்க சார் ஃப்ளாட் வாங்கலாம்? மியாப்பூரா, நார்சிங்கியா?" என்று ஊருக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்பார். அலுவலகம் எவ்வளவு தூரம், பள்ளி எவ்வளவு தூரம், மெட்ரோ உண்டா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வோம். "மழை பெய்தால் அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நகரத் திட்டமிடல் என்ற பெரிய விஷயம் அந்தச் சின்னக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஐதராபாத் பாறைமேல் அமைந்த ஊர். பெய்த மழை சட்டென்று உள்ளே இறங்காது. சரிவு பார்த்து ஓடிவிடும். ஆகவே முன்னோர்கள் பள்ளம் கண்ட இடமெல்லாம் கரை போட்டார்கள். பெரியது செருவு, சிறியது குண்டா. மதகைத் தெலுங்கில் தூமு என்பார்கள். நம் பழந்தமிழ்த் தூம்புதான் அது. ஓர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, கடைசியில் மூசி ஆற்றுக்கு. நம் ஊர்களில் இருந்த அதே சங்கிலிதான். சார்மினார் எழுந்தது 1591இல். உசேன் சாகர் வெட்டப்பட்டது 1562 வாக்கில். அதாவது, நகரம் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பே ஏரி பிறந்துவிட்டது.

இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 1908 செப்டம்பர் 28 காட்டியது. மூசி பெருக்கெடுத்து ஏறக்குறைய 15,000 பேர் மாண்டதாகச் சொல்வார்கள். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் பிழைத்தார்களாம். அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நெடுங்காலம் வணங்கத்தக்க சின்னமாக நின்றது.

பிறகு நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் ஆற்றை மட்டும் பார்க்கவில்லை. ஆறு வரும் வழியெல்லாம் பார்த்தார். நகருக்கு மேலே இருந்த 788 ஏரிகளில் 200க்கும் மேற்பட்டவை உடைந்திருந்தன. மேல் ஏரி உடைந்தால் அதன் சுமை கீழ் ஏரியின் தலையில் விழும், அதுவும் உடையும். கரையை உயர்த்திக்கொண்டே போவதால் பயனில்லை, வெள்ளத்தை மேலேயே தடுத்து நிறுத்தி மெதுவாக விட வேண்டும் என்றார். அதன் பலன்தான் மூசியில் 1920இல் முடிந்த உஸ்மான் சாகரும், ஈசியில் 1927இல் முடிந்த இமாயத் சாகரும். 1912இல் நகர மேம்பாட்டு வாரியமும் அமைந்தது. உஸ்மான் சாகர் நீர் பம்பு இல்லாமல், தன் சரிவிலேயே நகருக்கு வந்தது. "கண்டிப்பேட்டைத் தண்ணீர் குடித்தவன் ஊரை விட்டுப் போகமாட்டான்" என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. நம்மில் பலர் அதற்குச் சாட்சி!

அப்புறம் என்ன நடந்தது? ஊர் வளர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 67 லட்சத்தைத் தாண்டியது. ஏரிகள் மனைகளாயின. மாசாப் டேங்க் என்ற பெயர் இருக்கிறது, டேங்க் இல்லை. சிரிக்க வேண்டாம், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே? குடிநீருக்கோ கிருஷ்ணாவையும், 2015 முதல் கோதாவரியையும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மின்சாரம் செலவழித்துக் குழாயில் ஏற்றுகிறோம். வாசலில் பெய்யும் மழைக்கு வழி விடாமல், தொலைவில் ஓடும் ஆற்றை விலை கொடுத்து வரவழைக்கிறோம்.

இரண்டு பெரிய ஏரிகளைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குப் பெரிய குடியிருப்புகளும் மாசுபடுத்தும் ஆலைகளும் கூடாதென்று 1996இல் அரசாணை 111 வந்தது. 2022இல் அரசாணை 69 அந்தக் கட்டுப்பாடுகளை நீக்க முற்பட்டது. குடிநீரில் இந்த ஏரிகளின் பங்கு மிகவும் குறைந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். கணக்கு சரி, வாதம் சரியா? அவை கட்டப்பட்டது குடிநீருக்காக மட்டுமா? ஏறக்குறைய 7 டி.எம்.சி. கொள்ளும் அந்த இரண்டு பாத்திரங்களும் வெள்ளக் காவலர்கள். சுற்றிலும் சிமெண்ட் பூசினால் மழைநீர் முன்னைவிட வேகமாக வந்து சேரும். மதகுகளை அவசரமாகத் திறக்க நேரும். 2000 ஆகஸ்டும் 2020 அக்டோபரும் எச்சரித்தன. 2020இல் குர்ரம் செருவின் கரை உடைந்து தாழ்வான குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2025 செப்டம்பரில் மூசி வெள்ளம் இம்லிபன் பேருந்து நிலையத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

2024இல் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற ஹைட்ரா என்ற அமைப்பை அரசு தொடங்கியது. 2025இல் அம்பர்பேட்டையில் பதுகம்மா குண்டாவை மீட்டது நல்ல செய்தி. ஆனால் இடிப்பில் ஒரு வேதனையும் இருக்கிறது. எந்த மனை விற்பனைக்கு வரலாம், எந்தக் கட்டடத்துக்கு அனுமதி தரலாம் என்பதை முன்கூட்டியே தடுக்காமல், வங்கிக் கடன் போட்டுக் குடிவந்த பிறகு இடித்தால், தண்டனை கடைசியாக வந்தவன் தலையில்தான் விழுகிறது. ஏழையாக இருந்தால் மாற்று இடமும் கிடையாது. திட்டமிடல் என்பது புல்டோசருக்கு முன்னால் வரவேண்டியது.

நாம் செய்யக்கூடியது என்ன? வாங்குமுன் ஏரியின் முழு நீர்மட்ட எல்லையைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். பத்து ஹெக்டேருக்குக் குறையாத ஏரியானால் அந்த எல்லையிலிருந்து 30 மீட்டரும், சிறியதானால் 9 மீட்டரும் கட்டடம் இல்லாமல் விடவேண்டும் என்பது விதி. பக்கத்தில் நாலா எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நடந்தே பாருங்கள். அங்கே இருபது வருஷமாக இருக்கிற பெட்டிக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விளம்பரப் புத்தகம் சொல்லாததை அவர் சொல்லுவார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்ததைப் படித்துப் பெருமைப்படுகிறோம். பெருமையோடு நின்றால் போதாது. நம் குடியிருப்புச் சங்கங்களில் லிஃப்டுக்கும் பூங்காவுக்கும் குழு இருக்கிறது. பக்கத்து ஏரிக்கும் ஒரு குழு இருக்கட்டும். அடுத்த முறை அந்தத் தம்பி "எங்க சார் வாங்கலாம்?" என்று கேட்டால், முதலில் தண்ணீர் ஓடும் வழியைக் காட்டுவோம்.